ஏழு மணிக்கு இறங்கும் ஷட்டர்

பூந்தமல்லி
8.9.2024

ஜேம்ஸுக்கு,

முனிரத்தினம் எழுதுவது. வேறு யாரும் எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். உன் பெயரின் முதல் எழுத்து சரியாக விழுவதற்குள் மூன்று தாள் கிழிந்தது. முப்பது வருஷம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். அதில் இத்தனை வளைவு இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

அறுபத்தொன்பது வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. கடைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. தினமும் மாலை ஏழு மணிக்கு. சௌம்யா டீச்சர் சொல்லித் தருகிறார். நாங்கள் ஐந்து பேர். இட்லிக் கடை வேம்புலியம்மாளும் பூக்காரி கமலமும் வருகிறார்கள். ஐந்து பேரில் நான்தான் முதல். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை.

இப்போது எதைப் பார்த்தாலும் வாசிக்கிறேன். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, சுவரொட்டி. ஜூலையில் பையன் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். அதையும் தமிழில் மாற்றிக் கொடுத்தான். அந்தப் போனில் இருக்கும் மேப் என்னை மதித்துக் கேள்வி கேட்கிறது. 'இந்த ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா?' உண்டு. 'இந்தக் கோயிலுக்குப் படி ஏறாமல் போக முடியுமா?' முடியும். தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன், பொய் சொல்வதில்லை. எனக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, 'உள்ளூர் வழிகாட்டி' என்று பட்டம் கொடுத்திருக்கிறது. வகுப்பில் எல்லோரையும் இதற்குப் பழக்கிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மெட்ரோ வேலைக்காக, நாம் சேர்ந்து நடத்தின ஷட்டர் ரிப்பேர் கடைக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்துவிட்டார்கள். ரோட்டில் போகிறவனுக்குக் கடை கண்ணில் படாது. இப்போது போனில் தேடி வருகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஆகஸ்டு பாதியிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு அழைப்புகூட இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று மருமகளை விட்டுக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் அடிக்கிறது.

போன வாரம் திருவேற்காடு பேக்கரி சரவணக்குமார் இந்தப் பக்கம் வந்தவர், ஷட்டர் தூக்கியிருப்பதைத் தகர இடுக்கில் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, இங்கதான் கீறியா? கடைய மூட்டன்னு போன்ல போட்டுகீது. நான் ஆவடி ஜேம்ஸண்ணன இட்டாந்து ஷட்டர மாத்திக்கினேனே."

போனைக் காட்டினார். நம் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பில் இரண்டு வார்த்தை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டி வாசித்தேன். 'நிரந்தரமாக மூடப்பட்டது.' இவ்வளவு நீளமான வார்த்தைகளைத் தடுமாறாமல் வாசித்துவிட்டேனே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அர்த்தம் பிறகுதான் மண்டையில் ஏறியது.

ஜேம்ஸ், அந்த மேப்பில் நம் கடையை ஏற்றியது நீ. எந்த எழுத்தை எங்கே போட்டாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ வாசித்துச் சொன்னதுதான் எனக்கு எழுத்து. இப்போது என் கடை மூடியிருக்கிறது, என் வாடிக்கையாளர் உன் கடையில் இருக்கிறார். நான் யாரைச் சந்தேகப்படட்டும்?

இரண்டு வருஷத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் மேனேஜர் நீட்டின ஒப்பந்தக் காகிதத்தை அவர் முன்னால் நான் வாங்கினபோது நீ சொன்னாயே, "அத்த இன்னாத்துக்கு நீ வாங்கற? தலகீழா புடிச்சிக்கினுகீற" என்று. காகிதம் தலைகீழாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம். அன்றைக்குத்தான் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். உன்னோடு பேசுவதில்லை என்றும் அன்றைக்கே முடிவு செய்தேன்.

பையன் ஞானசேகரன், "தீபாவளி வரிக்கும் பாரு நைனா. வேல வர்லன்னா சாவியக் குட்த்துட்டு ஊட்ல குந்து" என்கிறான். தீபாவளிக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது.

பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுது.

முனிரத்தினம்


ஆவடி
14.9.2024

மதிப்பிற்குரிய முனிரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் பெயரில் ஒரு கடிதம் வந்தது. நீங்களே எழுதியதாக அதில் இருக்கிறது. நான் நம்பவில்லை. முப்பது வருஷமாக பில்லில் பெருவிரலை உருட்டியவர் எழுத்துப் பிழை இல்லாமல் நான்கு பக்கம் எழுதுவாரா? பக்கத்தில் உட்கார்ந்து யாரோ எழுதித் தருகிறார்கள். அது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதற்கு என்று தெரிகிறது, பழியை என் மேல் போட.

உங்கள் கடையை மூடி எனக்கு என்ன ஆகவேண்டும்? ஆவடியில் எனக்கு வேலை இருக்கிறது. மகள் பவ்யாவின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சின்னதாக ஒரு இடம். டேங்க் ஃபேக்டரிக்காரர்களும் மார்க்கெட் கடைக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். சரவணக்குமார் அவராகத்தான் கூப்பிட்டார். பூந்தமல்லிக் கடை மூடிவிட்டது என்று அவரே சொன்னார். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

சந்தேகம் என்று வந்துவிட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். 'ஆவடி ஜேம்ஸ் ஷட்டர்' என்று பவ்யா போனில் தேடிப் பார்த்தாள். முதலில் வந்தது உங்கள் இணையதளம். உங்களுக்கு இணையதளம் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உள்ளே போய் முழுக்கத் தேடினோம். என் பெயர் எங்கேயும் இல்லை. இல்லாத பெயருக்கு அது எப்படி வருகிறது? என் பெயருக்கு உங்கள் கடையில் என்ன வேலை?

இந்தக் கடிதத்தை எழுதுவது நீங்கள்தான் என்றால், 1999-ல் எஸ்டேட் கம்பெனியில் ஸ்பிரிங் அறுந்து என் கையைக் கிழித்த அன்று நான் வீட்டில் என்ன பொய் சொன்னேன் என்று எழுதுங்கள். எழுதித் தருகிறவனுக்கு அது தெரியாது.

இப்படிக்கு,
அ. ஜேம்ஸ்


பூந்தமல்லி
29.9.2024

ஜேம்ஸுக்கு,

பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னாய். படியில் ஆணி கிழித்தது என்றாய். உண்மையைச் சொன்னால் உன் வீட்டுக்காரி உன்னை ஷட்டர் வேலைக்கு அனுப்பமாட்டாள் என்று பயம். அவள் நம்பாமல் என்னிடம் தனியாக வந்து கேட்டாள். "பஸ்தான்மா" என்றேன். உன் கையைச் சுற்றின துண்டு என்னுடையது. அதை நீ திருப்பித் தரவில்லை.

போதுமா? நான்தான் எழுதுகிறேன். இரண்டு வாரம் ஆனது. 'ற'வுக்கும் 'ர'வுக்கும் நடுவில் நான் படும் பாடு உனக்குத் தெரியாது. தப்பு வந்தால் அந்தத் தாளை எடுத்துவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். அதனால்தான் பிழை இல்லை. நீ என்னை 'உங்கள்' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதியிருந்தாய். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஏழு இடம். நீ சண்டையில்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை.

இணையதளம் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். அம்பத்தூரில் வெற்றிச்செல்வன் என்று ஒருவர் அலுவலகம் வைத்திருக்கிறார். கடைகளைப் போனில் மேலே கொண்டுவருவது அவர் தொழில். போன வருஷம் தகரம் அடித்த புதிதில் வந்தார். "ஐயா, போன்ல மேல மூணு கடைதான் கண்ணுக்குத் தெரியும். நாலாவது கடைன்னா, அதுவும் தகரத்துக்குப் பின்னாடிதான்" என்றார். நியாயமாகப் பட்டது. செய்யச் சொன்னேன்.

அப்போது வாசிக்கத் தெரியாது. இப்போது தெரிகிறதே என்று அந்த இணையதளத்தை விரல் வைத்து முழுக்க வாசித்தேன். 'பூந்தமல்லி ஷட்டர் ரிப்பேர்' என்று நாற்பத்தொரு தடவை இருக்கிறது. எதற்கு ஒன்றையே எழுதி வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அது மனுஷங்க படிக்கிறதுக்கு இல்ல ஐயா. தேடுற எந்திரம் படிக்கிறதுக்கு."

"அதுவும் எழுத்துக் கூட்டித்தான் படிக்குதா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு மறுபடி வாசித்தேன். கடைசியில் ஒரு வெள்ளை இடம் இருக்கிறது. ஒன்றுமே இல்லாத இடம் எதற்கு இத்தனை பெரியது என்று தோன்றியது. விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். நீலமாக மாறி உள்ளே எழுத்து தெரிந்தது. வெள்ளையில் வெள்ளை எழுத்து. 'ஆவடி ஜேம்ஸ் ஷட்டர், ஜேம்ஸ் ஷட்டர் ஆவடி.' உன் பெயரைத் தேடுகிறவர்கள் என்னிடம் வருவதற்காக வைத்தாராம். நான் வைக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. நீ நம்பினால் நம்பு.

ஆனால் கடையை மூடியது அவர் இல்லை. அவரிடம் கேட்டுவிட்டேன். "இது போட்டிக்காரன் வேலை ஐயா. நாலஞ்சு பேரை விட்டு மூடிருச்சுன்னு சொல்ல வச்சா மேப் நம்பிடும். உரிமையாளருக்கு முதல்ல மெயில் போகும். அவர் ஒத்துக்கிட்டா, இல்ல சும்மா இருந்துட்டா, மூடினதுதான்" என்றார். உரிமையாளர் யார் என்று பார்த்துச் சொன்னார். அதில் இருப்பது உன் மெயில். அப்போது எல்லாம் உன் பெயரில்தானே போட்டோம். என் கடையின் பூட்டு உன் கையில் இருக்கிறது, ஜேம்ஸ்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து எனக்குப் பழக்கமில்லை. வெற்றிச்செல்வன் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். உன் ஆவடிக் கடைக்குக் கீழே போடுவதற்கு இருபது விமர்சனம். இருபதும் வேறு வேறு பெயரில். 'ஜேம்ஸ் குடித்துவிட்டு வேலைக்கு வந்தார்.' 'ஜேம்ஸ் போட்ட ஷட்டர் ஒரு வாரத்தில் விழுந்தது.' நான் சரி என்றால் ஒரே நாளில் ஏற்றிவிடுவாராம். அந்தத் தாள் என் மேஜையில் இருக்கிறது. தினமும் எடுத்து வாசிக்கிறேன்.

மெயில் வந்ததா இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

முனிரத்தினம்


ஆவடி
3.10.2024

அண்ணாத்தே,

வந்தது.

நீ எழுதியதுதான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. துண்டை வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று கேட்காதே.

ஆகஸ்டு 12-ஆம் தேதி மெயில் வந்தது. 'உங்கள் கடை நிரந்தரமாக மூடப்பட்டதாகப் பலர் தெரிவித்திருக்கிறார்கள். இது சரியா?' என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான். சரி, தவறு. நான் எதையும் அழுத்தவில்லை.

ஏன் என்று கேட்பாய். நீதான் மூடிவிட்டாய் என்று நினைத்தேன். முப்பது வருஷம் சேர்ந்து வைத்திருந்த கடையை மூடுகிறவன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வயிறு எரிந்தது. உனக்குப் போன் போட்டேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அது உன் பையன் செய்தானா, நீ சொல்லிச் செய்தானா என்று எனக்குத் தெரியாது.

மனசு கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்கு வந்தேன். ஏழே காலுக்குத் தகர இடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டும் போட்டிருந்தது. ஒன்பது மணிக்கு முன்னால் நீ ஷட்டரை இறக்கி நான் பார்த்ததில்லை. உன் அம்மா செத்த மாசத்தில்கூட ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தாய். வியாழக்கிழமை மறுபடி வந்தேன். அதே நேரம், அதே பூட்டு. திரும்பிப் போய்விட்டேன். பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், "உன்னாலதான் மூடினார்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

மெயிலை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். சரி என்று அழுத்தக் கை வரவில்லை. தவறு என்று அழுத்தினால் பொய் ஆகிவிடும். சும்மா இருந்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதுவும் தப்புதான் என்றால் தப்புதான்.

ஆனால் 'பலர்' என்று போட்டிருந்தது, அண்ணாத்தே. ஒருவர் இல்லை, பலர். உன் கடை மூடியிருக்கிறது என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? நான் சந்தேகப்படுவது அந்த வெற்றிச்செல்வனை. பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்காரனாக வந்து நிற்கிற ஆட்கள் உண்டு. உன் போனை அவன் கையில் கொடுத்தாயா? கொடுத்திருந்தால் உன் போனிலிருந்தே அதைச் செய்திருப்பான். பார்க்க வழி இருக்கிறது. மேப்பைத் திற. மேலே வட்டமாக உன் படம் இருக்கும். அதைத் தொட்டால் 'உங்கள் பங்களிப்புகள்' என்று வரும். உன் போனிலிருந்து யார் என்ன சொன்னாலும் தேதியோடு அதில் இருக்கும். உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே. வாசி.

அந்த இருபது விமர்சனத்தை என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். நான் குடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அது போதும்.

ஜேம்ஸ்


பூந்தமல்லி
13.10.2024

ஜேம்ஸு,

நீ சொன்னபடி வட்டத்தைத் தொட்டேன். வெற்றிச்செல்வனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெரிய பட்டியல் வந்தது. ஹோட்டலில் இடம் உண்டா, உண்டு. கோயிலில் படி, இல்லை. எல்லாம் நான் சொன்னது. சந்தோஷமாக வாசித்துக்கொண்டே கீழே போனேன். ஆகஸ்டு வந்தது. நம் கடைப் பெயர் வந்தது.

'இந்த இடம் மூடப்பட்டுவிட்டதா? ஆம்.' ஆகஸ்டு 2, மாலை 7.05.

'இந்த இடம் மூடப்பட்டுவிட்டதா? ஆம்.' ஆகஸ்டு 5, மாலை 7.02.

ஏழு தடவை இருக்கிறது. ஏழும் ஏழு மணிக்கு மேல்.

ஜேம்ஸு, அது நான்தான். வகுப்புக்காக ஏழு மணிக்கு ஷட்டரை இறக்குவேன். பூட்டுவேன். பள்ளிக்கூட மாடிக்கு ஏறுவேன். டீச்சர் வருவதற்குள் போனை எடுத்து வாசிப்பேன். அது கேட்கும். மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தகரத்துக்கு மேல் நம் கடை தெரியும். ஷட்டர் இறங்கியிருக்கும். மூடப்பட்டுவிட்டதா? ஆம். என் கையால் மூடின ஷட்டரை நான் இல்லை என்று சொல்லலாமா? நம் தொழிலில் ஷட்டர் இறங்கினால் மூடியது, ஏறினால் திறந்தது. அதற்கு மேல் ஒரு மூடல் இருப்பது எனக்குத் தெரியாது.

இது போதாதென்று, மற்ற நான்கு பேருக்கும் பழக்கிவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா? மறுநாள் வகுப்பில் கேட்டேன்.

"ஆமா, எனக்கும் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன், மூடித்தான் கெடந்துச்சு. ஆமான்னு அமுக்கினேன்" என்றாள் வேம்புலியம்மாள்.

"நானும்தான். நீதான இன்னா கேட்டாலும் உண்மயச் சொல்லுன்ன?" என்றாள் கமலம்.

ஐந்து பேரும் சொல்லியிருக்கிறோம். உன் மெயிலில் வந்த 'பலர்' நாங்கள்தான். சௌம்யா டீச்சர் சிரித்ததில் அன்று பாடம் நடக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பலகையில் இரண்டு வார்த்தை எழுதினார். 'மூடியிருக்கிறது.' 'மூடப்பட்டுவிட்டது.' முதலாவது மறுநாள் காலை வரை. இரண்டாவதற்கு மறுநாளே கிடையாது. பத்துத் தடவை எழுதச் சொன்னார். எழுதினேன்.

வெற்றிச்செல்வன் வெள்ளிக்கிழமை வந்தார். அவரையும் இதில் தப்பாக நினைத்துவிட்டோம். ஆனால் மற்றதில் தப்பாக நினைக்கவில்லை. அந்த இருபது விமர்சனத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சர் எங்கள் நோட்டைத் திருத்துவதுபோல் சிவப்புப் பேனாவால் திருத்தியிருந்தேன். எழுத்துப் பிழை மூன்று இருந்தது. மூன்றையும் சுழித்தேன். இருபது வரிக்கும் பக்கத்தில் 'பொய்' என்று எழுதினேன். வெள்ளையில் ஒளித்து வைத்த உன் பெயரையும் அன்றைக்கே எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டாரா என்று அவர் எதிரிலேயே விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். "ஐயா, உங்களுக்கு யார் படிக்கச் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

நீ என்று சொல்ல நினைத்தேன். அந்தத் தலைகீழ்க் காகிதம் இல்லாவிட்டால் நான் இந்த மாடியில் ஏறியிருக்கமாட்டேன். ஆனால் உனக்கு அந்தப் பெருமை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

உன்னைச் சந்தேகப்பட்டு எழுதின கை இது. இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. கடிதத்தின் கடைசியில் என்ன எழுதவேண்டும் என்று இன்னும் பாடம் வரவில்லை.

உன் நம்பரைத் தடுத்தது நான்தான். பையன் இல்லை. எப்படி எடுப்பது என்று இன்று வாசித்துக் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன். கூப்பிடாதே, எழுது. வாசிக்க எனக்கு ஆள் வேண்டாம்.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. பூட்டு இன்னும் உன் மெயிலில் இருக்கிறது.

முனிரத்தினம்


ஆவடி
20.10.2024

அண்ணாத்தே,

பவ்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேம்புலியம்மாள் வரும் இடத்தில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு சாயங்காலம் அந்தத் தகரத்துக்கு வெளியே நான் நின்றதும், எனக்குத் தலைக்கு மேல் மாடியில் நீ 'அ' எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நினைப்புக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கே இருந்தபடியே ஒரு தொடலில் கடையைத் திறந்துவிடலாம். 'இந்த இடம் திறந்திருக்கிறதா?' என்று இன்று காலையிலும் கேட்டது. நான் அழுத்தவில்லை. சரியாகப் பார்க்காமல் முடிவு செய்து நாம் இரண்டு பேரும் பட்டது போதும். இனி பார்க்காத எதிலும் எனக்கும் சந்தேகம்தான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். ஷட்டரைத் தூக்கிக் காட்டு. கண்ணால் பார்த்துவிட்டு அழுத்துகிறேன். நீ பக்கத்தில் நின்று, நான் எதை அழுத்துகிறேன் என்று வாசித்துக்கொள். அதுவரை உன் போன் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாதே. வகுப்பில் இருப்பவர்களுக்கும் சொல்லிவை.

சாயங்காலம் ஏழு மணிக்கு நீ மாடிக்குப் போ. ஷட்டரை இறக்காதே. நான் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜேம்ஸ்